எம்.டி. அறைக்கு எந்தப் பாணி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அலுவலக உள் அலங்காரம் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிறுவனத் தலைவரின் தனியறையைப் பற்றியவையாக இருந்ததால், இந்த மாதம் அவற்றுக்கு மட்டுமே பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் நடத்துகிறோம். என் தந்தை நாற்பது ஆண்டுகள் பயன்படுத்திய தேக்கு மேஜை இன்றும் என் அறையில் இருக்கிறது. அறையைப் புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிட்டு, கண்ணாடியும் எஃகுமாக நவீனப் பாணிக்கு மாறிவிடலாம் என்கிறான் மகன். அறை 14 அடிக்கு 18 அடி. மேஜையை வைத்துக்கொண்டே அறையைப் புதிதாக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. சொல்லப்போனால், அறைக்கான பாணியை அந்த மேஜையிடமே கேட்க வேண்டும். முதலில் அதன் கால்களைப் பாருங்கள். சிங்க முகமும் கொடிச் செதுக்கலுமாகக் கனத்த கால்கள் என்றால் அது ஆங்கிலேயர் காலத்து அலுவலகப் பாணியின் வாரிசு. செதுக்கல் இல்லாமல் நேர்க்கோட்டில் இறங்கும் கால்கள் என்றால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய ‘மிட் சென்ச்சுரி மாடர்ன்’ என்ற பாணிக்கு அது தானாகவே பொருந்திவிடும். நாற்பது ஆண்டுக்கு முன் நம் ஊர்த் தச்சர்கள் அலுவலகங்களுக்குச் செய்த மேஜைகளில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பாணி நமக்கு அந்நியமானதும் அல்ல. சண்டிகர் நகரைக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே திட்டமிட்டபோது, அவருடைய உறவினரான பியர் ழான்னரே அங்குள்ள அரசு அலுவலகங்களுக்காக 1950களில் தேக்கையும் பிரம்பையும் கொண்டு நாற்காலிகளை வடிவமைத்தார். கவராயம் போல விரிந்து நிற்கும் கால்களே அவற்றின் அடையாளம். பிற்காலத்தில் மொட்டை மாடிகளில் பழைய சாமானாகக் குவிந்து கிடந்த அந்த நாற்காலிகள், இன்று வெளிநாட்டு ஏலங்களில் பல லட்சங்களுக்குப் போகின்றன. உங்கள் மேஜைக்கு எதிரே பிரம்பு முதுகு கொண்ட இரண்டு தேக்கு நாற்காலிகளைப் போட்டால் போதும், மகன் கேட்கும் நவீனம் பாதி வந்துவிடும்.

மேஜையின் மேல் படிந்திருக்கும் பளபளப்பான வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, மர இழை தெரியும்படி மங்கலான மெருகு கொடுக்கச் சொல்லுங்கள். மேஜையின் மீது கண்ணாடி போட்டு, அதன் அடியில் காலண்டரையும் விசிட்டிங் கார்டுகளையும் சாமி படத்தையும் செருகி வைக்கும் வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள். தேக்கைக் காட்டுவதற்காகவே இத்தனை செலவும் செய்கிறீர்கள்.

பழைய மேஜைகளில் எனக்குத் தெரிந்து இரண்டு குறைகள் உண்டு. அவை எழுதுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதால் முப்பது அங்குலமோ அதற்குச் சற்று மேலோ உயரம் இருக்கும். கணினியில் தட்டச்சு செய்பவரின் தோள் அந்த உயரத்தில் மாலைக்குள் வலிக்கத் தொடங்கும். மின்கம்பிகள் இறங்குவதற்கு வழியும் இருக்காது. அதற்காகக் காலை அறுப்பதும் பலகையில் துளை போடுவதும் வேண்டாம். மேஜையின் பக்கவாட்டில் 28 அங்குல உயரத்தில் எஃகுச் சட்டத்தில் ஒரு துணை மேஜை செய்து, கணினி, தொலைபேசி, கம்பிகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். எஃகும் கண்ணாடியும் வேண்டும் என்ற மகனின் விருப்பத்துக்கு அதுவே இடம். நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்க, மேஜைக்கும் பின்சுவர் அலமாரிக்கும் நடுவே 42 அங்குலமாவது விடுங்கள். 18 அடி நீளத்தில் அது எளிது.

மகன் இன்னும் தயங்கினால் வெள்ளை மாளிகையைச் சொல்லுங்கள். ரெசல்யூட் என்ற கப்பலின் மரத்தால் செய்யப்பட்டு, விக்டோரியா அரசியார் 1880இல் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய மேஜையை இன்றுவரை பல அதிபர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். கம்பளமும் திரைச்சீலையும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

கேள்வி: பூர்வீகம் தேவகோட்டை. சென்னையில் ஒரு வணிகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் வாடகைக்கு அலுவலகம் எடுத்திருக்கிறோம். என் அறையைச் செட்டிநாட்டுப் பாணியில் அமைக்க ஆசை. ஆத்தங்குடிக் கல், தூண்கள், பழைய கதவு எல்லாம் வைக்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கல் வைக்கலாம், கதவைப் பற்றி யோசிக்கலாம், தூண் வேண்டாம். செட்டிநாட்டு வீட்டில் தூண் நிற்பது கூரையைத் தாங்குவதற்காக. ஒன்பதடி உயரத்தில் ஜிப்சம் சீலிங் இருக்கும் அறையில் ஒட்டுப்பலகையை உருட்டி, உள்ளே ஒன்றுமில்லாத தூணை நிறுத்தினால், உங்கள் ஊரிலிருந்து வரும் உறவினர் ஒருவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. தட்டிப் பார்த்த பெரியவரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆத்தங்குடிக் கல் என்பது தரையில் பதிக்கும் சிமெண்டு ஓடு; சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, மேலே பூசப்பட்டதன்று. அதனால் அமிலம் கலந்த கழுவும் திரவம் பட்டால் நிறம் போய்விடும். துப்புரவுப் பணியாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நடக்க நடக்க மெருகேறும்.

வாடகைக் கட்டடத்தில் சிக்கல் உயரத்தில்தான் வரும். கல்லின் கனமும் அடியில் இடும் கலவையின் கனமும் சேர்ந்து தரையை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயர்த்திவிடும். விருந்தினர் அமரும் இடத்தில் மட்டும் கம்பளம்போலப் பதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 6 அடிக்கு 8 அடி இடத்துக்கு எட்டங்குலக் கல் 108 போதும் என்பதால் செலவும் குறைவுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் தரையை அந்த இடத்தில் வெட்டி எடுக்கக் கட்டட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், வருகிறவர் ஒவ்வொருவரும் அந்த விளிம்பில் தடுக்குவார். சம்மதம் கிடைக்கவில்லை என்றால், சுவரிலிருந்து சுவர் வரை பதித்துக் கதவின் அடியை அறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தரையை விட்டுவிட்டு, பின்சுவர் அலமாரியின் மேற்பரப்பில் பதியுங்கள்.

பழைய கதவு வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேடலாம். நிலையோடு வாங்கினால் லிஃப்டில் ஏறுமா என்பதை முன்பே அளந்துகொள்ளுங்கள். அந்த வீடுகளே பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கலந்து கட்டப்பட்டவை என்பதால், உங்கள் அறையில் ஒரு நவீன விளக்கோ கறுப்புத் தோல் நாற்காலியோ இருப்பது பாணிக்குக் குற்றம் ஆகாது.

கேள்வி: மென்பொருள் நிறுவனம். என் அறை மூன்று பக்கமும் கண்ணாடி, வெள்ளை மேஜை, வேறு எதுவும் இல்லை; மினிமலிசம்தான் எனக்குப் பிடிக்கும். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வீடியோ கூட்டங்களில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை

பதில்: கண்ணாடி, பளபளப்பான தரை, ஜிப்சம் சீலிங் மூன்றுமே ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. உங்கள் குரல் ஒருமுறை உங்கள் வாயிலிருந்தும் பலமுறை சுவர்களிலிருந்தும் மைக்கில் போய்ச் சேருகிறது. பாணியை மாற்ற வேண்டாம், பரப்புகளை மாற்றுங்கள். ஜிப்சத்தை எடுத்துவிட்டு ஒலியை உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகைகளை மாட்டுங்கள். கண்ணாடியில்லாத நான்காவது சுவர் முழுவதையும் துணி போர்த்திய ஃபெல்ட் பலகையால் ஒரே நிறத்தில் மூடுங்கள். மேஜைக்கு அடியில் கனமான கம்பளம் விரியுங்கள். மூன்றுமே கண்ணை உறுத்தாதவை. வெறுமையின் அழகும் குறையாது.

இந்தப் பாணியின் முன்னோடிகளே வெறுமையை அப்படித்தான் கையாண்டார்கள். 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கடைசி இயக்குநரான கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ, 1929இல் பார்சிலோனா கண்காட்சிக்கு அமைத்த மண்டபத்தில் பொருள்கள் மிகக் குறைவு. ஆனால் இருந்த கல்லும் தோலும் திரைச்சீலையும் அவ்வளவு செழிப்பானவை. அந்த மண்டபத்துக்காகச் செய்த பார்சிலோனா நாற்காலியின் நகலைத்தான் இன்று பல அலுவலகங்களில் மேஜைக்கு எதிரே போடுகிறார்கள். தாழ்ந்து சாய்ந்து அமர வேண்டிய இருக்கை அது. அதில் உட்கார்ந்து மேஜை மேல் காகிதத்தில் கையெழுத்திட வருகிறவர் படும் பாட்டை, நீங்களே ஒருமுறை அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். அதற்கு உரிய இடம் வரவேற்பறை.

இன்னொன்று: சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் திரையில் உங்கள் முகம் நிழலாகத் தெரியும். மேஜையைத் திருப்பினால் செலவில்லாமல் தீரும்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஐரோப்பிய பையர்கள் என் அறையில்தான் அமர்ந்து பேசுவார்கள். அவர்களுக்குப் பழக்கமான ஸ்காண்டிநேவியப் பாணியில் அமைத்தால் நன்றாக இருக்குமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஸ்காண்டிநேவிய நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிசம்பரில் பகல் ஏழு மணி நேரந்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுக்கப் பரப்பவே அவர்கள் சுவரை வெள்ளையாக்கி, மரத்தை வெளிறிய நிறத்தில் வைத்தார்கள். மேற்கு வெயில் நேரே விழும் அறையில் அதே பளீர் வெள்ளையை அடித்தால், பிற்பகல் மூன்று மணிக்குப் பையர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார். மங்கலான மோர் நிறம் அடியுங்கள். சன்னலுக்குக் கைத்தறிப் பருத்தியில் இரட்டைத் திரை போடுங்கள். அந்தப் பாணியிலிருந்து எளிமையையும் கைவேலையின் நேர்த்தியையும் எடுத்துக்கொண்டால் போதும். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த ‘ஒய்’ நாற்காலியின் இருக்கை, முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னப்பட்டது. நம்மிடம் அதே வேலையைச் செய்யப் பிரம்பு இருக்கிறது, பத்தமடைக் கோரை இருக்கிறது. ஏ.சி. அறையில் பிரம்பு காய்ந்து வெடிக்காமலிருக்க, அவ்வப்போது ஈரத்துணியால் அதன் அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு இதைவிட முக்கியம் விளக்கு. ஸ்காண்டிநேவிய அறைகளின் படங்களில் மஞ்சள் ஒளியைப் பார்த்துவிட்டு 3000 கெல்வின் விளக்குகளை மாட்டிவிடுகிறார்கள். ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வேறோர் ஒளியில் வேறாகத் தெரியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 ஒளியில் சரியென்று பார்த்த ஷேடை, பையர் உங்கள் மேஜையில் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் அன்று பேச்சு விலைக்கு வராது. சோபா இருக்கும் மூலைக்கு மஞ்சள் ஒளி இருக்கட்டும். துணி விரிக்கும் மேஜைக்கு மேலே மட்டும் பகல் வெளிச்சம் போன்ற 6500 கெல்வின் விளக்கைத் தனிச் சுவிட்சில் வையுங்கள்.

கேள்வி: தலைவர் தென்மேற்கு மூலையில் வடக்கு நோக்கி அமர வேண்டும் என்கிறார் வாஸ்து பார்ப்பவர். வடிவமைப்பாளர் அதை மறுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்த மூலையில் அமர்ந்தால் முதுகுக்குப் பின் சுவரும், கண்ணுக்கு எதிரே கதவும் அமைகிறதா என்று பாருங்கள். அமைகிறது என்றால் இருவருக்கும் சண்டையே இல்லை. கதவு முதுகுப்பக்கம் வருகிறது என்றால், வடக்கை விட்டுக் கிழக்கு நோக்கித் திருப்பலாம்; வாஸ்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதற்கும் ஒப்புவார்கள்.

கேள்வி: பாரிமுனை அருகே ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் வணிக அலுவலகம். வளைந்த பால்கனி, கிடைக்கோட்டுச் சன்னல்கள், கறுப்பும் பச்சையுமான மொசைக் தரை. அறையை நவீனமாக்க விட்ரிஃபைட் டைல்ஸ் போடச் சொல்கிறார் ஒப்பந்ததாரர்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். நீங்கள் விவரிப்பது ஆர்ட் டெகோ. 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியால் பெயர் பெற்ற பாணி அது. மும்பை மெரைன் டிரைவை உள்ளடக்கிய ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உங்கள் பக்கத்திலேயே டேர் ஹவுஸ் அதே பாணியில் நிற்கிறது. மற்றவர்கள் பணம் கொடுத்துப் போலியாகச் செய்துகொள்வது உங்களுக்கு வாடகையோடு கிடைத்திருக்கிறது.

இந்தப் பாணிக்கு அதிகப் பொருள் தேவையில்லை. மூலைகள் உருண்ட, கறுமை கலந்த மெருகேற்றிய ஒரு மேஜை, பித்தளைக் கைப்பிடிகள், பால்நிறக் கண்ணாடிக் குமிழ் விளக்கு, தரையின் பச்சையை எடுத்துக்காட்டும் ஒரே ஒரு தோல் சோபா ஆகியவை போதும். தங்க நிறம் தீட்டிய விசிறி வடிவங்களைச் சுவரெங்கும் ஒட்டச் சொல்வார்கள். அது கல்யாண மண்டபமாகிவிடும். ஏ.சி. குழாய்களை மறைக்க சீலிங் முழுவதையும் தாழ்த்தாமல், ஒரு பக்கச் சுவரோரமாக மட்டும் பெட்டி கட்டுங்கள். அந்த உயரம் பிறகு கிடைக்காது.

மொசைக் மங்கியிருப்பது பல ஆண்டு அழுக்காலும் மெழுகாலும் இருக்கலாம். பாலிஷ் போடுபவரை அழைத்து, கதவுக்குப் பின்னால் மறைவான மூலையில் ஒரு சதுர அடியை மட்டும் இயந்திரத்தால் தேய்க்கச் சொல்லுங்கள். பச்சைச் சில்லுகள் தெளிந்து வந்தால், டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தைப் பித்தளைக் கைப்பிடிகளுக்கு மாற்றிவிடலாம்.