மடமும் கோட்டுக் கடையும்

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கில், 2001ல் விமானங்கள் மோதித் தகர்ந்த உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் மசூதி கட்டலாமா என்று 2010ல் எழுந்த சர்ச்சையில் கட்ட நினைத்தவர்கள் பக்கமே நியாயம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமை ஒட்டி மடம் வைத்திருந்த கன்னியாஸ்திரீகளைப் போப்பாண்டவரே வேறிடம் போகச் சொன்னார். அவர்களும் ஜெபம்தானே செய்தார்கள்? யூதர்களின் வலிக்கு ஒரு நியாயம், கிட்டத்தட்ட 2,750 பேரைப் பறிகொடுத்த ஊருக்கு வேறு நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இந்த ஒப்பீட்டை அப்போதே பலர் சொன்னார்கள். கேட்டவுடன் சரி என்றுதான் படும். இரண்டு இடத்தையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

1984ல் கார்மல் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியர் குடியேறிய கட்டடம் ஆஷ்விட்ஸ் முகாமின் ஓரத்திலேயே இருந்தது. சைக்ளான் பி நச்சுவாயு டப்பாக்களை நாஜிகள் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. கன்னியர் கொலைகாரர்கள் என்று யூதர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய பயம் வேறு. அங்கே செத்த சுமார் 11 லட்சம் பேரில் பத்தில் ஒன்பது பேர் யூதர்கள். அந்த இடத்தில் மடமும் சிலுவையும் நின்றால், ஐம்பது வருஷம் கழித்து வருகிறவன் அதை யாருடைய சாவு என்று நினைப்பான்? மடத்தை வேறிடம் மாற்றுவதென்று 1987ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் ஆனது. கெடு தாண்டியும் கன்னியர் நகரவில்லை. 1989ல் யூதர்கள் சிலர் மதில் ஏறிக் குதித்துப் போராட்டமெல்லாம் நடந்தது. கடைசியில் 1993ல் இரண்டாம் ஜான் பால் ஒரு கடிதம் எழுதினார், அவர்கள் கிளம்பினார்கள். போலீஸ் வந்து காலி செய்யவில்லை. சொந்த வீட்டுப் பெரியவர் சொன்னார், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் மசூதிக்கு நினைத்த இடம், பார்க் ப்ளேஸ் தெருவில் இருந்த ஒரு பழைய கோட்டுக் கடை. உலக வர்த்தக மையம் நின்ற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. 2001 செப்டம்பர் 11 அன்று மோதிய விமானத்தின் சக்கரப் பகுதி கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது, அத்தோடு கடை மூடியாயிற்று. 2009லிருந்து அங்கே தொழுகை நடந்துவந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. நீச்சல் குளம், அரங்கம், தொழுகைக்கூடம் எல்லாம் சேர்ந்த 13 மாடி மையம் என்று திட்டம் வெளியானதும், உள்ளூர் வட்டாரக் குழு 29க்கு 1 என்று ஆதரவாக வாக்களித்தது. ஆத்திரம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது.

இங்கே யாருடைய சாவையும் யாரும் மறைக்கப்போவதில்லை. மோதியவர்கள் முஸ்லிம்கள், இவர்களும் முஸ்லிம்கள் என்பதுதான் முழு வாதமும். உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் 17ஆவது மாடியில் ஒரு தொழுகை அறை இருந்தது, தெரியுமா? அங்கே வேலை பார்த்தவர்கள் லுகர் என்னும் மதியத் தொழுகையை முடித்துவிட்டு மறுபடி மேசைக்குப் போவார்கள். அன்று செத்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் வீட்டார் எந்தப் பக்கம் நிற்பது?

உறவுகளை இழந்த குடும்பங்களின் வலி பொய்யில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களே இரண்டு பக்கமும் இருந்தன. திட்டத்தை முன்னின்று நடத்திய இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃப் அந்த மையத்துக்கு முதலில் வைத்த ‘கார்டோபா இல்லம்’ என்ற பேரைப் பற்றி எனக்கும் குறை உண்டு. மூன்று மதத்தாரும் சேர்ந்து வாழ்ந்த ஸ்பெயின் நகரம் என்று அவர் நினைத்தார், எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் ஸ்பெயினை வென்றதன் சின்னம் என்று படித்தார்கள். பேர் வைக்குமுன் நாலு பேரிடம் கேட்டிருக்கலாம்.

நீங்கள் யூதர்களைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். கட்டும் உரிமைக்காக அன்று உறுதியாகப் பேசிய மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் ஒரு யூதர். அந்த இடம் வேண்டாம் என்றது ஆன்டி டெஃபமேஷன் லீக் என்ற யூத அமைப்பு. 2021ல் அதன் தலைவர், நாங்கள் செய்தது தவறு என்று எழுதி மன்னிப்புக் கேட்டார்.

அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. 2013 ஏப்ரலில், அந்தக் கட்டடத்துக்கும் பின்கட்டடத்துக்கும் நடுவே ஒரு முழ அகலச் சந்தில், அன்று மோதிய விமானத்தின் இறக்கைப் பாகம் ஒன்று செருகிக் கிடந்தது. இட உரிமையாளர் அனுப்பிய சர்வேயர்கள் கண்டார்கள். பதினோரு வருஷத்துக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த மையம் கடைசிவரை கட்டப்படவில்லை. இப்போது அங்கே 43 மாடி சொகுசுக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. அதை எதிர்த்து அப்படி யாரும் கொடி பிடித்துப் போனதாக நான் கேள்விப்படவில்லை.