கேளுங்கள், சொல்கிறோம்
கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் தம்பி, அங்கே கல்லூரி அமெரிக்கன் புட்போல் பயிற்றுநராக வேண்டும் என்கிறான். அவன் அறிந்தது மட்டக்களப்பு வெபர் மைதானத்து உதைபந்தாட்டம்தான். நடக்குமா?
– வாசகர், கல்லடி

பதில்: அது வேறு ஆட்டம். பந்தைக் கையில் பிடித்தே ஓடுவார்கள்; நான்கு முயற்சிக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். முதல் படி பட்டதாரி உதவியாளர்: முதுமாணி படித்துக்கொண்டே எதிரணியின் வீடியோவை வெட்டி, ஒவ்வொரு நகர்வையும் குறிப்பெடுக்கும் வேலை. பிறகு ஆடுகளத்தில் ஒரே இடத்தில் ஆடும் வீரர்களுக்கான பயிற்றுநர், அடுத்து தாக்குதல் அல்லது தடுப்பு ஒருங்கிணைப்பாளர், அதன்பின்தான் தலைமை. பெயர்பெற்ற கல்லூரிப் பயிற்றுநர் நிக் சேபன் 1973இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் தொடங்கினார். டொலிடோ பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்றுநரானது 1990இல். தலைமை மாறினால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டி கட்டவேண்டியதுதான். தம்பிக்கு உதை கைவந்தது என்றால், பந்தை உதைக்கும் வீரர்களான கிக்கர்களைப் பழக்கும் பக்கமாக நுழையப் பார்க்கலாம்.