டி.சி. சரியாக இருந்தும் ஷீட் கிழிகிறதே, ஏன்?

கேள்வி: அம்பத்தூரில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் நடத்துகிறோம். 1 மி.மீ. இ.டி.டி. ஷீட்டில் (ஆழமாக அழுத்தி உருவாக்குவதற்கான ஸ்டீல்) வட்டமான மோட்டார் கவர் ட்ராயிங் செய்து, அதாவது பஞ்சால் டை என்ற குழி அச்சுக்குள் தள்ளிக் கிண்ணமாக்கி, அதன்மேல் ஒரு பிராக்கெட்டை ஸ்பாட் வெல்டு (கரண்ட் பாய்ச்சிப் புள்ளியாக இணைக்கும் வெல்டு) அடித்துக் கொடுக்கிறோம். புதிதாக வந்த காயிலில் (ஷீட் சுருளில்) கவர் அடி வளைவில் கிழிகிறது. மில் கொடுத்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் (டி.சி.) எலாங்கேஷன், அதாவது உடையும் முன் ஷீட் நீளும் அளவு, பழைய காயிலைவிட 3 சதவீதம் கூடுதல். எரிக்சன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா? வெல்டும் ஒன்றிரண்டு கழன்று வந்ததால், ஒரு ஸ்பாட் எவ்வளவு தாங்கும் என்று கஸ்டமர் ரிப்போர்ட் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த 3 சதவீதத்தைப் பார்ப்போம். இரண்டு சர்டிஃபிகேட்டையும் பக்கத்தில் வைத்து, கேஜ் லெங்த் (நீட்சியை அளக்க எடுத்துக்கொண்ட நீளம்) எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றில் 80, மற்றதில் 50 என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடவே கூடாது. இழுக்கும்போது துண்டு கடைசியில் ஓரிடத்தில் கழுத்துபோலச் சுருங்கி அங்கேயே நீளும். அளக்கும் நீளம் குறைந்தால் அந்தக் கழுத்தின் பங்கு பெரிதாகத் தெரியும். அதே ஷீட்டை 50 மி.மீ.யில் அளந்தாலே எலாங்கேஷன் கூடிவிடும்.

அடுத்து, ஷீட்டைக் குறை சொல்வதற்கு முன் பழைய காயிலின் மிச்சத்தை, அதே டை, அதே எண்ணெய், அதே பிளாங்க் ஹோல்டர் (வெட்டிய ஷீட்டான பிளாங்கின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அழுத்தத்தில் ஓட்டுங்கள். அதுவும் கிழிந்தால் சிக்கல் உங்கள் செட்டிங்கில். இரண்டு காயிலின் தடிமனையும் மைக்ரோமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

பழையது நன்றாக வந்து புதியது மட்டும் கிழிகிறது என்றால், எரிக்சன் மட்டும் போதாது. அந்த டெஸ்டில் 20 மி.மீ. குண்டு ஒன்று, 27 மி.மீ. துளையுள்ள டைமேல் இறுக்கிப் பிடித்த ஷீட்டை மெதுவாகத் தள்ளும். மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரிசல் விட்டதும் நிறுத்தி, எத்தனை மி.மீ. ஆழம் போனது என்று பார்ப்பார்கள். ஓரம் இறுக்கமாக இருப்பதால் வெளியிலிருந்து ஷீட் உள்ளே வராது. ஷீட் மெலிந்து மெலிந்து விரிவதைத்தான் இது சோதிக்கிறது.

உங்கள் கவரில் நடப்பது வேறு. வெளியில் இருக்கும் ஷீட் உள்ளே இழுபட்டு வந்து சுவராகிறது. அந்த இழுப்பு முழுவதையும் பஞ்ச் முனை வளைவுக்குப் பக்கத்துச் சுவர் தாங்க வேண்டும். அங்கே கிழிகிறது என்றால், தாங்க வேண்டிய இடம் சீக்கிரம் மெலிகிறது என்று அர்த்தம். இதைச் சொல்வது ஆர் வேல்யூ. துண்டை இழுக்கும்போது அகலம் எவ்வளவு குறைகிறது, தடிமன் எவ்வளவு குறைகிறது என்பதன் விகிதம் அது. 1 என்றால் இரண்டும் சமம். 1.6, 1.8 என்று போனால் ஷீட் மெலிவதற்குப் பதில் அகலத்தில் சுருங்கிக் கொடுக்கும். ட்ராயிங்குக்கு அதுதான் வேண்டும். உருட்டிய திசையில் ஒன்று, 45 டிகிரியில் ஒன்று, குறுக்கே ஒன்று என மூன்று துண்டு வெட்டி லேபில் கொடுங்கள். ஆர் (r) வேல்யூ, என் (n) வேல்யூ (இழுக்க இழுக்க ஷீட் எவ்வளவு இறுகிப் பலமாகிறது என்ற எண்) இரண்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பல லேபில் பலமும் எலாங்கேஷனும் மட்டுமே வரும்.

லேபுக்குப் போகாமலே ஷாப்பில் ஒன்று செய்யலாம். உங்களிடம் 50 மி.மீ. பஞ்ச் உள்ள ஒரு கப் டை இருக்கிறது என்று வையுங்கள். 96, 98, 100 என்று 2 மி.மீ. ஏற்றி ஏற்றி வட்ட பிளாங்க் வெட்டி, இரண்டு காயிலையும் ஓட்டுங்கள். கிழியாமல் வரும் மிகப்பெரிய பிளாங்கைப் பஞ்ச் விட்டத்தால் வகுத்தால் ட்ராயிங் விகிதம். நல்ல ட்ராயிங் ஷீட் 2-ஐ ஒட்டியோ சற்றுத் தாண்டியோ வரும். புதுக் காயில் இரண்டு படி முன்னாலேயே கிழிந்தால், சப்ளையரிடம் பேச அந்தக் கப்புகளே போதும். வாய் ஓரத்தில் நாலு இடத்தில் காது மாதிரி எழும்பியிருக்கும். பழையதைவிட உயரமாக இருந்தால் திசைக்குத் திசை ஷீட்டின் குணம் அதிகமாக மாறுகிறது.

அப்படியானால் எரிக்சன் வீணா? இல்லை. ஒரே தடிமன் ஷீட்டில் காயிலுக்குக் காயில் ஒப்பிட அது மலிவான, வேகமான வழி. தடிமன் கூடினால் ஆழமும் கூடும் என்பதால் 0.8-ஐயும் 1-ஐயும் ஒப்பிட முடியாது. நான் எண்ணைவிடக் குமிழைத்தான் முதலில் பார்ப்பேன். தலைப்பகுதி ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் கிரெய்ன் (உலோகத்தின் உள்படிகம்) பெரிதாகிவிட்டது. விரிசல் வட்டமாகச் சுற்றி வந்தால் நல்லது. உருட்டிய திசையில் நேர்கோடாக ஓடினால் சந்தேகப்பட வேண்டும்.

டை புதிதாகப் போடும்போது இன்னொரு வழி கைகொடுக்கும். பிளாங்கில் 2.5 மி.மீ. வட்டங்களை எலெக்ட்ரோ எட்சிங்கில் பதித்து அடித்தால், வட்டங்கள் நீள்வட்டமாகும். எங்கே எவ்வளவு நீண்டது என்று அளந்து ஃபார்மிங் லிமிட் வரைபடத்தில் (ஷீட் எவ்வளவு நீண்டால் கிழியும் என்ற எல்லைக்கோடு உள்ள வரைபடம்) குறித்துப் பார்க்கலாம். 1960-களில் கீலர், குட்வின் என்ற ஆய்வாளர்கள் போட்ட அடித்தளம் இது. என் வேல்யூ 0.21 உள்ள 1 மி.மீ. ஸ்டீலுக்கு அந்தக் கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி சுமார் 37 சதவீதம். அங்கே உங்கள் பார்ட் 33 காட்டினால், இன்று கிழியாவிட்டாலும் அடுத்த காயிலில் கிழியலாம். 10 சதவீதப் புள்ளிகளாவது விட்டு வைப்பதுதான் வழக்கம்.

இனி வெல்டு. முதல் சோதனைக்கு ஒரு வைஸும் வெர்னியரும் போதும். பிராக்கெட்டை உரித்து எடுங்கள். ஒரு ஷீட்டில் ஓட்டை விழுந்து, மறு ஷீட்டில் பட்டன் நின்றால் வெல்டு பிடித்திருக்கிறது. அதன் விட்டத்தை இரண்டு பக்கம் அளந்து சராசரி எடுங்கள். மெல்லிய ஷீட்டின் தடிமனுக்கு வர்க்கமூலம் எடுத்து 5-ஆல் பெருக்கினால் இலக்கு, 4-ஆல் பெருக்கினால் அடிமட்டம்; உங்களுக்கு 5 மி.மீ., 4 மி.மீ. பட்டனே இல்லாமல் தட்டையாகப் பிரிந்தால், 1 மி.மீ. சாதா ஸ்டீலில் அது வெறுமனே ஒட்டிய வெல்டுதான், எவ்வளவு பலம் காட்டினாலும்.

கஸ்டமரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிராக்கெட்டில் சுமை ஷீட்டின் போக்கில் வருகிறதா, செங்குத்தாகப் பிய்க்கிற மாதிரியா? முதலாவதுக்கு ஷியர் டெஸ்ட், இரண்டாவதுக்குக் குறுக்காக வைத்து இழுக்கும் கிராஸ் டென்ஷன். பின்னதில் அதே ஸ்பாட் குறைவாகத்தான் தாங்கும். ஷியர் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, பிய்க்கிற இடத்தில் அது நிற்கும் என்று இருக்க முடியாது.

தனித் துண்டில் ஒற்றை ஸ்பாட் அடித்து டெஸ்டுக்கு அனுப்புவதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. நிஜ பார்ட்டில் இரண்டாவது ஸ்பாட் அடிக்கும்போது கரண்டில் ஒரு பகுதி முதல் ஸ்பாட் வழியாக ஓடிவிடும். ட்ராயிங் முடிந்த கவர் சற்று ஸ்பிரிங் பேக் ஆகி (அழுத்தம் விட்டதும் கொஞ்சம் பழைய வடிவத்துக்குத் திரும்பி) பிராக்கெட்டோடு இடைவெளி விட்டால், எலெக்ட்ரோடு அழுத்தம் அதை மூடவே செலவாகும். எலெக்ட்ரோடு முனை 6 மி.மீ.யிலிருந்து 7 ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடி, அதே கரண்ட் பரவிப்போகும். அதனால் முனையைத் தேய்த்துச் சரிசெய்வதற்குச் சற்று முன் அடித்த பார்ட்டை எடுத்து, அதன் இரண்டாவது ஸ்பாட்டை உரித்துப் பாருங்கள். லேபுக்கு அனுப்பும் துண்டையும் அதே முனையில் அடியுங்கள்.