அக்காவைக் கேளுங்க: மலைக்குப் போனாத்தான் உடம்பு தேறுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயசு. மார்புல கேன்சர்னு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா மண்டைதான் வேலை செய்ய மாட்டேங்குது. அடுப்புல பால் வெச்சா மறந்துடறேன், சீட்டுப் பணத்த மூணு தடவ எண்ணினா மூணு கணக்கு வருது. ஒரு மாசம் ஏலகிரி, கொடைக்கானல்னு போய் நல்ல காத்துல இருந்துட்டு வான்னு நாத்தனார் சொல்றாங்க. அதுக்கு ஏதுக்கா காசு? நம்ம பக்கம் கண்டெய்னர் லாரிய தவிர என்ன இருக்கு? – தண்டையார்பேட்டை வாசகி

பதில்: நாத்தனார் மேல கோவப்படாத தங்கச்சி, நல்லது நெனச்சுத்தான் சொல்றாங்க. ஆனா கடன் வாங்கிட்டெல்லாம் மலை ஏற வேணாம். பால் பொங்குறது, கணக்கு தப்புறது எல்லாம் உனக்கு மட்டும் இல்ல, கீமோ எடுத்த நெறைய பேருக்கு வர்றதுதான், இத ‘கீமோ ப்ரெய்ன்’னே சொல்றாங்க. பயம், ஆஸ்பத்திரி ஃபைலு, மாத்திரை டைம், பணம்னு மாசக்கணக்கா ஒண்ணு விடாம கவனிச்சு கவனிச்சு மூளை களைச்சுப் போயிருக்கும். அமெரிக்காவுல பெர்னடீன் சிம்ப்ரிச்னு ஒரு நர்சிங் பேராசிரியை மார்பகப் புற்றுநோய் வந்த 157 பெண்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2003-ல வெளியிட்டாங்க. அதுல ஒரு பாதிப் பேர வாரத்துக்கு 120 நிமிஷம் மரம், செடி, பறவைன்னு இருக்கிற எடத்துல நேரம் செலவு பண்ணச் சொன்னாங்க, அவங்களுக்கு கவனம் மத்தவங்கள விட நல்லா திரும்பி வந்திருக்கு. வாரத்துக்கு 120 நிமிஷம்னா என்ன, நாலு நாளு அரை அரை மணி நேரம், அவ்ளோதான். இதுக்கு எதுக்கு கொடைக்கானல்?

நம்ம பக்கம் என்ன இருக்குன்னு கேட்ட இல்ல, எனக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம், நம்மளே நம்ம ஊர அப்படிச் சொல்லிப் பழகிட்டோம். மெட்ரோ ஏறி திருவொற்றியூர் தேரடில எறங்கு. தியாகராஜர் கோயில் உள்ள, சுந்தரர் சங்கிலியாருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்த மகிழ மரம் இருக்கு, சாமி கும்பிட்டாலும் சரி கும்பிடாட்டியும் சரி, கொஞ்ச நேரம் அங்க உக்காரு. பூக்குற நாள்ல போனா விடியக் காலைல பூ தானா உதிர்ந்து தரையில கெடக்கும், விரல் நுனி அளவுக்கு சின்னதா, வெள்ளையும் சந்தனமும் கலந்த மாதிரி, நடுவுல ஒரு ஓட்டை, குழந்தைங்க அதுல நூல் கோத்து வெளையாடும். காஞ்சு பழுப்பானாலும் வாசம் போகாது. கீமோவுல நெறைய பேருக்கு வாசனையே ஆகாமப் போயிடும், தாளிக்கிற வாசனைக்கே கொமட்டும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, இந்தப் பூவ மட்டும் மூக்குகிட்ட வெச்சா ஒண்ணும் பண்ணல. அதனால உனக்கும் அப்படியே இருக்கும்னு சொல்ல வரல, உனக்கு எது ஒத்துக்குதுன்னு நீதான் பாக்கணும்.

ராயபுரத்துல ராபின்சன் பூங்கா இருக்கு, 1949-ல திமுக தொடக்கக் கூட்டம் நடந்த அதே எடம். கொஞ்சம் தெம்பு வந்தப்புறம் ஒரு நாள் மாதவரம் தாவரவியல் பூங்காவுக்குப் போ. எங்கயும் போக முடியாத நாள்ல தெருவுல ஒரு பூவரச மரத்தப் பிடிச்சுக்கோ, காலைல மஞ்சளா இருக்கிற பூ சாயங்காலம் செவந்து போயிருக்கும், காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அதே பூவத் தேடிப் பாரு. செல்போன வீட்லயே வெச்சிட்டுப் போ. கடற்கரைக்குப் போனா மட்டும் செருப்பக் கழட்டாத, சில கீமோ மருந்துல பாதம் மரத்துப் போயிருக்கும், கண்ணாடித் துண்டு குத்தினாக்கூட தெரியாது. அலையத் தடுக்கக் கொட்டி வெச்சிருக்கிற பாறாங்கல்லு மேல ஏறவே ஏறாத. ரேடியேஷன் குடுத்த எடத்துல நேரா வெயில் படக்கூடாது, காட்டன் துணியால மூடிக்கோ. மறதி இன்னும் ஜாஸ்தியாகுதுன்னா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட சொல்லிடு, தைராய்டு, ரத்த சோகை, தூக்கம் வராததுன்னு வேற காரணமும் இருக்கலாம்.

கேள்வி: என் வொய்ஃபுக்கு கீமோ நடந்துட்டு இருக்கு. மாடில தோட்டம் போடணும்னு ஆசப்படறாங்க. மண்ணு தொடலாமா? – காசிமேடு வாசகர்

பதில்: ஆசப்படறாங்கல்ல, அதுவே பெரிய விஷயம் தம்பி, வேணாம்னு சொல்லிடாத. ஆனா இப்போதைக்கு மண்ணு வேலை உன்னுது, பாக்குற வேலை அவங்களுது. கீமோ போட்டு சுமாரா ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ளை அணு ரொம்பக் கொறஞ்சிடும், மண்ணுலயும் மக்கின உரத்துலயும் இருக்கிற பூஞ்சை நமக்கு ஒண்ணும் பண்ணாது, அந்த நேரத்துல அவங்க நுரையீரலுக்குப் போனா ஆபத்து. கவுண்ட் ஏறி டாக்டர் சரின்னு சொன்னப்புறம் கிளவுசும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு தண்ணி ஊத்தட்டும், காஞ்ச எலைய கிள்ளட்டும். சாண எரு மூட்டைய அவங்க பிரிக்கவே கூடாது. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா அந்தக் கையில முள்ளு குத்தாம, கொசு கடிக்காம பாத்துக்கோ, ரோஜாச் செடி இப்ப வேணாம், துளசி, கற்பூரவல்லி போதும். தொட்டிக்குக் கீழ தட்டுல தண்ணி நிக்க விடாத, டெங்கு வேற வந்து தொலைக்கப் போகுது. காய்ச்சல் 100.4 தாண்டினா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு, வீட்ல பாராசிட்டமால் குடுத்து விடியட்டும்னு உக்காந்திருக்காத.

எழுந்திருக்க முடியாத நாள்ல கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு. ரோஜர் உல்ரிச் 1984-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேர், செங்கல் சுவர் தெரிஞ்ச 23 பேர விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சு. உங்க பக்கம் மரம் இல்லாட்டியும் ஹார்பர் மேல பருந்து சுத்துறது தெரியுமே.

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப்புற்றுநோய். கீமோவ நிறுத்திட்டு இயற்கை வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போ, முள் சீத்தாப்பழம் குடுத்தா கட்டி கரைஞ்சிடும்னு சொந்தக்காரங்க வாட்ஸப்ல அனுப்பிட்டே இருக்காங்க. – வியாசர்பாடி வாசகர்

பதில்: நிறுத்தாத. மரத்தடி மனசுக்கும் களைப்புக்கும் உதவும், கட்டிய கரைக்காது. முள் சீத்தா மனுஷங்களுக்கு கேன்சர குணப்படுத்தும்னு நிரூபிச்ச ஆராய்ச்சி எதுவும் இல்ல. சித்த மருந்து ஏதாவது எடுத்தா அதையும் கேன்சர் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும், கீமோ மருந்தோட மோதலாம். தங்கச்சிய கேன்சருக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி எவ்ளோ போராடி 1954-ல அடையாறு ஆஸ்பத்திரிய 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க, நம்ம என்னடான்னா ஃபார்வர்ட் மெசேஜ நம்பி கீமோ தேதிய தள்ளிப் போடறோம். அந்த குரூப்ப மியூட் பண்ணு.

கேள்வி: எங்க மணலில மரத்த விட புகைபோக்கிதான் ஜாஸ்தி. ட்ரீட்மென்ட் முடிஞ்சு நடக்கச் சொல்லிருக்காங்க. காலைல போலாமா? – மணலி வாசகி

பதில்: விடியக் காலைல காத்து சுத்தமா இருக்கும்னு பொதுவா சொல்லுவாங்க, மார்கழி, தை மாசத்துல அது சரியா வராதும்மா, குளிர்ல புகை மேல போகாம தரையோடயே தங்கிடும். வெயில் லேசா ஏறின அப்புறம் போ, இல்லன்னா கடல் காத்து எறங்கின சாயங்காலம் போ. மணலில காத்த அளக்குற ஸ்டேஷனே இருக்கு, ‘சமீர்’னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட ஆப்புல அன்னைக்கு நிலவரம் தெரியும், மோசம்னு காட்டினா வீட்டுக்குள்ளயே நட, இல்ல பஸ் பிடிச்சு மாதவரம் போ. 2023 டிசம்பர்ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவுனதும் மாசக் கடைசில அம்மோனியா வாயு கசிஞ்சதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இயற்கைக்கு நடுவுல இருங்கன்னு நோயாளிகிட்ட சொல்றது ஈஸி, அந்த இயற்கைய நம்ம பக்கம் விட்டு வெக்கணுமே. ஏரியா சபைக் கூட்டம் நடந்தா உன் ரிப்போர்ட்டோட போய் ஒரு பார்க்கு, நாலு புங்க மரம்னு எழுதிக் குடுத்துட்டு வா.