மான் வேட்டைக்கு ஒரு துவக்கு, சேகரிப்புக்கு இன்னொன்று

தம்பி, கனடாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, வேலைத்தலத்து நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், பழைய லீ என்ஃபீல்ட் இராணுவத் துவக்கு ஒன்றை வாங்கினால் வேட்டைக்கும் சேகரிப்புக்கும் சேர்த்து உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே துவக்கில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். வேட்டைத் துவக்கை உங்கள் உடம்புக்கும் இங்கத்தைய குளிருக்கும் ஏற்றபடி வெட்டி, கூட்டி, மாற்றிக்கொள்ளலாம். பழைய துவக்கில் ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

முதலில் லைசன்ஸ். சாதாரண போல்ற் அக்‌ஷன் துவக்குகள் (ஒவ்வொரு முறையும் போல்ற் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்து ரவை ஏற்றுபவை) கட்டுப்பாடற்ற வகுப்பில் வருகின்றன. 2020 மே மாதத் தடையோ 2022 ஒக்டோபரில் வந்த கைத்துப்பாக்கி முடக்கமோ அவற்றைத் தொடவில்லை. துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியில் எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் 80 சதவீதம் எடுத்த பிறகு மத்திய பொலிஸான ஆர்சிஎம்பிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடக் கூடத்தான் எடுக்கும். உங்களைப் போல வந்து ஐந்து வருஷம் ஆகாதவர்கள் முன்பிருந்த நாட்டுப் பொலிஸ் நற்சான்றும் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து அது வந்து சேர நாள் பிடிக்கும் என்பதால் பயிற்சிக்குப் பதியும் அன்றே அதற்கும் எழுதிப் போடுங்கள். படிவத்தில் கணவன் அல்லது மனைவியின் கையொப்பத்துக்கும் இடம் இருக்கிறது. வீட்டில் பேசாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஒன்ராறியோவில் வேட்டைக்கென்று தனியாக வேட்டைக் கல்விப் பயிற்சி, அவுட்டோர்ஸ் அட்டை, மானுக்கான அனுமதி எல்லாம் எடுக்க வேண்டும்.

துவக்கு வாங்கும் முன் நண்பர்களிடம் அவர்கள் போகும் வேட்டைப் பிரிவின் (மாகாணம் பிரித்து வைத்திருக்கும் வேட்டைப் பகுதி) இலக்கத்தைக் கேளுங்கள். தென் ஒன்ராறியோவில் பல பிரிவுகளில் மானுக்கு ரைபிளே அனுமதி இல்லை, ஷொட்கன் போன்றவைதான். வேறு சில மாவட்டங்களில் குழல் விட்டத்துக்கும் வரம்பு உண்டு. இதைக் கேட்காமல் அழகான .308 ரைபிள் ஒன்றை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ரைபிள் ஆகும் இடமென்றால் .308 வின்செஸ்டர் என்ற ரவை வகைக்கான துவக்கை எடுங்கள். எங்கும் ரவை கிடைக்கும், மானுக்கு 150 கிரெயின் நிறையுள்ள சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் முனை), பிறகு மூஸ் வேட்டைக்குப் போனால் 165 அல்லது 180 கிரெயின். .30-06 கொஞ்சம் கூடுதல் பலம், கூடுதல் உதை. தோளுக்கு உதை ஒத்துவராவிட்டால் .243 அல்லது 6.5 கிரீட்மோர் மானுக்குத் தாராளம். பலம் மிகக் கூடிய மக்னம் ரவைகளைத் தொடக்கக்காரர் தொடவே வேண்டாம். உதைக்குப் பயந்து விசை இழுக்கும் நேரம் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு.

அளவு விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அநேகம் பேர் பிழை விடுகிறார்கள். கடையில் தொங்கும் துவக்குகளில் பிடங்கின் (தோளில் வைக்கும் பின்பகுதி) நீளம், அதாவது விசையிலிருந்து பிடங்கின் அடி வரை, ஏறத்தாழ பதின்மூன்றரை அங்குலம். ஐந்தரை அடி ஆளுக்கு அது நீளம். அதற்கு மேல் குளிர் ஜக்கெற்றின் தடிப்பும் சேரும். கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் அதே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணை மூடித் துவக்கைத் தோளுக்கு எடுத்துவிட்டுத் திறவுங்கள். கழுத்தை நீட்டாமல் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) முழு வட்டமும் தெரிந்தால் அது உங்கள் துவக்கு. பிடங்கடியில் துண்டு கழற்றிப் போடக்கூடிய வடிவங்கள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். 22 அங்குலக் குழல், வெறும் துவக்கு ஏழு பவுண்டு அளவு போதும். ரிக்கா ரீ3எக்ஸ், சவேஜ் 110, ரூகர் அமெரிக்கன் மூன்றும் காசுக்கேற்ற பொருள்கள். வடக்கே ரோந்து செல்லும் கனேடிய ரேஞ்சர்கள் லீ என்ஃபீல்டைக் கைவிட்டுப் பெற்ற சி19 துவக்கு ரிக்காவின் வடிவந்தான். இடதுகைக்காரர் என்றால் இடதுகைப் போல்ற்றே வாங்குங்கள்.

ஸ்கோப் 3-9x40 போதும், அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீற்றர் வில்லை உள்ளது. அதைப் பிடிக்கும் வளைய ஆணிகளை, இறுக்கத்தை அளக்கும் ரோர்க் திறப்பானால் 15 முதல் 20 அங்குலப் பவுண்டு வரை இறுக்குங்கள். ஸ்கோப் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்குத் தளர்ந்த ஆணிதான் காரணம். முதலில் 25 மீற்றரில் தாளில் பட வைத்து, பிறகு 100 மீற்றரில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே விழும்படி சரிசெய்தால் 200 மீற்றர் வரை குறியை மாற்றத் தேவையில்லை. வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரவையால் மட்டும் சரிபாருங்கள்.

குளிர் வேறு விதமாகக் கெடுக்கும். போல்ற்றுக்குள் தடிப்பான எண்ணெய் இருந்தால் மைனஸ் 20இல் அது களியாகி, ஊசி மெதுவாக அடித்து ரவை வெடிக்காமல் போகும். வேட்டைக்கு முன் போல்ற்றைக் கழற்றி உள்ளே முழுக்க எண்ணெய் நீக்கி, உலர வைத்துப் பூட்டுங்கள். மாலையில் குளிர்ந்த துவக்கை நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுவந்து உறையிலிருந்து எடுத்தால் இரும்பு முழுவதும் வியர்க்கும். உறைக்குள்ளேயே சில மணித்தியாலம் விட்டு, சூடு ஏறிய பிறகு எடுத்துத் துடையுங்கள்.

இனி நீங்கள் ஆசைப்படும் பழைய துவக்கு. கனடாவில் இருப்பவருக்குத் தொடங்க நல்லது லோங் பிராஞ்சில் செய்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4. இன்றைய மிஸிஸாகாவின் ஏரிக்கரையில் இருந்த அந்த ஆலை 1941 முதல் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் துவக்குகளைச் செய்தது. பரிசோதனைக் கட்டடம் இன்றும் லேக்‌ஷோர் வீதியில் நிற்கிறது. ரிசீவரின் (குழலும் போல்ற்றும் பொருந்தும் இரும்பு உடல்) இடப்பக்கத்தில் ஆலைப் பெயரும் வருஷமும், வரிசை இலக்கத்தின் நடுவே ‘எல்’ எழுத்தும், ‘சி’ எழுத்துக்குள் அம்பு முத்திரையும் தேடுங்கள்.

யுத்தத்துக்குப் பிறகு மலிவாக விற்ற இந்தத் துவக்குகளின் முன்மரத்தை வெட்டி, குழலைக் குறுக்கி வேட்டைக்கு ஆக்கியவர்கள் ஏராளம். முழு மரத்தோடு இருப்பதற்கும் வெட்டியதற்கும் விலை வித்தியாசம் பெரிது. வெட்டியதை வாங்கி மரம் தேடி ஒட்டினால் செலவு முழுசை வாங்கியதைவிட ஏறிவிடும். ஸ்கோப் பூட்ட ரிசீவரில் துளையிட்டதை வாங்கவே வேண்டாம்.

போல்ற்றின் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இலக்கம் ரிசீவர் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வெடிவைக்கும் முன் துவக்குத் தொழிலாளியிடம் ரவையறை இடைவெளியை (போல்ற் மூடியபோது ரவையின் அடிக்கு விடப்படும் இடம்) அளக்கச் சொல்லுங்கள்: 0.064 அங்குல அளவியில் போல்ற் மூட வேண்டும், 0.074 அங்குல அளவியில் மூடக்கூடாது. இடைவெளி கூடினால் வெடித்த கோதின் (ரவையின் பித்தளைக் கூடு) அடியில் பளபளப்பான வளையம் தெரியும், அதே கோதைத் திரும்ப நிரப்பிச் சுட்டால் அந்த இடத்தில் கிழியக்கூடும். நம்பர் 4இல் போல்ற் தலைகள் 0 முதல் 3 வரை அளவுகளில் உண்டு, பெரியதைப் பூட்டி இதைச் சரிசெய்யலாம். லோங் பிராஞ்சின் மார்க் 1 ஸ்டார் வடிவத்தில் இன்னொரு பலவீனம்: போல்ற்றைக் கழற்றுவதற்காக வழித்தடத்தில் வெட்டிய பள்ளத்தின் ஓரம் உடைந்தால் போல்ற் தலை துள்ளி வெளியே வரும். விரல்நுனியால் அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

குழலின் வாயில் இந்தத் துவக்குக்குரிய .303 ரவை ஒன்றைத் தலைகீழாக அல்ல, சன்னத்தின் கூர்முனையால் நுழைத்துப் பாருங்கள். கோதின் வாய் வரை விழுங்கினால் துடைப்புக் கயிறு குழல்வாயைத் தின்றிருக்கக்கூடும், குறி ஒழுங்காக விழாமல் போகலாம். ‘டீ.பி.’ என்று முத்திரையிட்டவை பயிற்சிப் பொம்மைகள், சுடவே கூடாது. இன்னொன்று, ரவை நிரப்பும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் மகசினில் (ரவைப்பெட்டி) ரவை சிக்கும். பலர் இதைத் துவக்கின் குறையென்று நினைக்கிறார்கள்.

கனடாவில் செய்த பழைய இராணுவத் துவக்கான ரோஸ் ரைபிளும் இங்கே கண்ணில் படும். முதலாம் உலகப்போரில் சேற்றுக்குள் சிக்கியதால் 1916இல் கனேடிய காலாட்படை அதைக் கைவிட்டது. மார்க் 3இன் போல்ற்றைப் பிழையாகப் பூட்டினால் பூட்டப்படாமலேயே வெடித்து, சுடுபவரின் முகத்துக்கு வரும். தெரிந்தவர் பார்க்காமல் அதைச் சுடாதீர்கள்.

பழைய இராணுவ ரவைகளின் தீப்பொறிக் குப்பியில் (ஊசி அடிக்கும் சிறு மூடி) உள்ள உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றி, துடைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். மரத்தை அரத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரைகள் போனால் திரும்ப வராது. காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தால் போதும். நுரை உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் துருதான் மிச்சம்.

வீட்டில் ரவையில்லாமல், விசைப்பூட்டு போட்டோ போல்ற் கழற்றியோ பூட்டிய அலுமாரியிலோ வைக்க வேண்டும். ரவைகள் கைக்கெட்டாத இடத்தில் அல்லது பூட்டுக்குள். 1898க்கு முன் செய்ததெல்லாம் லைசன்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மகசின் வைத்த .303 அந்த விலக்கில் வராது; ஒற்றை ரவை போடும் மார்ட்டினி ஹென்றி போன்றவை வரும்.

2022 மே 18 முதல், தனியாரிடம் வாங்கினாலும் விற்பவர் உங்கள் லைசன்ஸைப் பதிவாளரிடம் சரிபார்த்து ஓர் இலக்கம் பெற வேண்டும், அதன் பிறகுதான் துவக்கு கைமாறலாம். தூர இடத்தவரிடம் வாங்குவதென்றால் போல்ற் இலக்கமும் ரிசீவர் இலக்கமும் ஒரே படத்தில் தெரியவும், குழல்வாயை நெருக்கமாகவும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.