மூணாங்கிளாஸ் பசங்கள வச்சு பஞ்சதந்திரக் கதைய நாடகமா போடணும், எந்தக் கதை எடுக்கலாம், எப்படி மாத்தறது?

சிங்கமும் முயலும் எடுங்க. எடுத்ததும் மொத வேலையா, கடைசில ஒரு பையன் முன்னாடி வந்து "இக்கதையின் நீதி யாதெனில்"னு ஒப்பிக்கிறத தூக்கிடுங்க. பஞ்சதந்திரத்துல ஒரு ஆள் இன்னொரு ஆள மடக்கத்தான் பாதி கதை சொல்லுவாங்க, இந்தக் கதையவே சொல்றது தமனகன்ங்கிற நரி, வேற ஒரு சிங்கத்தையும் அதோட சிநேகிதனான மாட்டையும் பிரிக்கிற தன்னோட பிளான் பலிக்கும்னு கரடகன்ங்கிற இன்னொரு நரிய நம்ப வைக்க. வில்லன் சொன்ன கதைங்க அது.

குரங்கும் முதலையும் படிக்க நல்லாருக்கும், ஆனா முக்கியமான பேச்செல்லாம் நடு ஆத்துல முதலை முதுகு மேல நடக்குது, ரெண்டு பசங்க தரையில தவழ்ந்துகிட்டே பேசுனா பின்வரிசைக்கு என்ன தெரியும்? போதாக்குறைக்கு முதலை பொண்டாட்டி குரங்கோட இதயத்தக் கேட்டு அடம்பிடிக்கிற சீன் வேற, அது தனி தலைவலி.

சிங்கக் கதையில "தினம் ஒரு மிருகம்"னு ஒப்பந்தம் இருக்குல்ல, அதுல மொத்த கிளாஸுக்கும் ரோல் கொடுத்துடலாம். டயலாக் எழுதாதீங்க, மான் சாகப்போறப்ப எப்படி நடக்கும், காட்டுப்பன்னி எப்படி நடக்கும்னு அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க. முழு மாஸ்க் வேணாம், குரல் உள்ளயே அமுங்கிடும், சார்ட் பேப்பர்ல நெத்தி வரைக்கும் செஞ்சா போதும். ரெக்கார்ட் பண்ண வாய்ஸுக்கு வாயசைக்கிற ஆண்டுவிழா ஸ்டைல் தயவுசெஞ்சு வேண்டாம்.

கிணத்துக்கு தெர்மாகோல் செட்டெல்லாம் தண்டச்செலவு. ரெண்டு பேர் ஒரு நீலப் புடவைய இடுப்பு உயரத்துக்குப் புடிச்சுக்கட்டும், அதுக்குப் பின்னாடியிருந்து இன்னொரு பையன் அதே பிடரியோட எழுந்து சிங்கம் செய்யறத அப்படியே திருப்பிச் செய்யணும், எதிரொலிய ஆடியன்ஸ் கிட்ட விட்டுடுங்க, சிங்கம் "யார்ரா நீ?"ன்னு கத்தினதும் முயல் கைகாட்டினா ஹாலே "யார்ரா நீ?"ன்னு திருப்பிக் கத்தும்.

சிங்கம் சாக வேண்டாம், திருந்திட்டதா மாத்தலாமேன்னு பெரியவங்க யாராச்சும் கேப்பாங்க. மாத்தாதீங்க. அத்தனை மிருகத்த தின்னுட்டு ஒரு மன்னிப்புல தப்பிச்சா பசங்களே ஒத்துக்க மாட்டாங்க. புடவை மூடுனதும் கதை முடிஞ்சுது, ரத்தம் கித்தம் எதுவும் தேவையில்ல. சிங்கமா நடிக்கிறவன் கிட்ட மட்டும் உள்ள விழுந்தப்புறம் எட்டிப் பாக்காதடான்னு சொல்லி வைங்க, சொன்னாலும் பாப்பான்.