சாம்பிளும் நண்பனின் வாசிப்பும்: கேள்வி பதில்

பெரம்பூர் தம்பி: அண்ணா, என் பாட்டில் சாம்பிளாக வைக்க, பழைய இசைத்தட்டிலிருந்து நாலு பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) வெட்டி வைத்திருக்கிறேன். நண்பனின் புல்லாங்குழலோடு சுருதி சேரவில்லை. எதை மாற்றுவது?

சாம்பிளைத்தான். குழலின் சுருதி 5 கட்டை, சாம்பிளின் சுருதி ஐந்தரை என்று வைத்துக்கொள். சாம்பிளை அரைக் கட்டை இறக்கினால் வேகமும் சுமார் 6 சதவீதம் குறையும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) 85க்கு வந்துவிடும். வேகத்தை மாறாமல் பிடித்துவைக்க மென்பொருளில் வசதி உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. கொஞ்சம் தளர்ந்து, கனத்து ஒலிக்கும் அந்தக் குரல்தான் எனக்குப் பிடிக்கும். பழைய தட்டு பெரும்பாலும் எந்தக் கட்டையிலும் சரியாக நிற்காது. அதனால் தம்புராவை ஓடவிட்டு, சென்ட் சென்ட்டாக (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு) நகர்த்திக் காதால் முடிவு செய்.

வியாசர்பாடி: மிருதங்கத்தோடு கிக் (டிரம்ஸின் கனத்த அடி) சேர்த்தால் ஒரே இரைச்சல்.

மிருதங்கத்தின் இடப்பக்கம், ரவை அப்பிய தொப்பியின் 'தொம்' கிக்கின் இடத்திலேயே வந்து உட்காரும். இரண்டில் ஒன்று போதும். நான் கிக்கை எடுத்துவிடுவேன். அப்புறம், ஏசி அறையில் தோல் இறுகிச் சுருதி ஏறும். வாத்தியத்தை அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள். மின்விசிறி வேண்டாம். எங்கள் தெருவில் ஆட்டோ சத்தம் தொடங்குமுன், காலை 5 மணிக்கே பதிவை ஆரம்பித்துவிடுவோம்.

மடிப்பாக்கம்: கணினி பீட்டோடு ஆதி தாளம் பொருந்துமா?

தாராளமாக. 8 அட்சரம், இரண்டு பார். ஆனால் நண்பர் கண்ட நடைக்குப் போனால் குவான்டைஸை (அடிகளைக் கணினியின் கட்டத்துக்கு நகர்த்தும் வசதி) தொடாதீர்கள். பீட்டுக்கு 5 அடி விழும் இடத்தில் கணினி 4 கட்டம்தான் வைத்திருக்கும். இழுத்து ஒட்டினால் நடையே போய்விடும்.

முகப்பேர் அக்கா: பழைய பாட்டு சாம்பிளை வெளியிடலாமா?

அனுமதி வாங்கினால் வெளியிடலாம். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை உண்டு. மெட்டுக்கும் வரிக்கும் தனி உரிமை. படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். அதனால்தான் நான் இப்போது நண்பர்களையே பதிவு செய்து, அதையே வெட்டுகிறேன். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுவோம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சுருதி சேர்க்கும்போதும் பதிவு ஓடட்டும். போன மாதம் நண்பன் மிருதங்கத்தின் வலப்பக்கத்தை, அதாவது வலந்தலையைச் சரிசெய்யக் கல்லால் மரக்கட்டையில் தட்டிய 'டக்' ஒன்று மைக்கில் விழுந்தது. அந்தப் பாட்டில் ஸ்நேர் (டிரம்ஸின் கூர்மையான அடி) அதுதான்.